இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் ஒருத்தர் மேல் பழி போட்டேன்.

சும்மா இல்லை. ஆதாரத்தோடு. பதினேழு பக்கம், கலர் பிரிண்ட், ஆளுக்கொரு கட்டாக மேசையில் வைத்தேன்.

பதினேழு பக்கமும் தப்பு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் — நான் ரவாங்கில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஆபீஸ் கதையை இங்கே கொண்டு வருவதில்லை. செரண்டா ஸ்டேஷனில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் தேடுவது, பக்கத்து வீட்டுச் சேவல், என் மனைவியின் டயட்... இப்படியே ஓட்டிவிடுவேன். ஒரு தடவை கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினேன். "தயவுசெய்து வேண்டாம், தூக்கம் வருகிறது" என்று கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கடிதமே போட்டார்.

இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. இதில் கம்ப்யூட்டர் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மனுஷர்கள்.

எங்கள் கம்பெனி செய்வது அரிசி பிரிக்கிற மெஷின். நெல் மில்லில் உமி நீக்கி, தீட்டி முடித்த அரிசி மேலேயிருந்து அருவி மாதிரி கொட்டும். கேமரா ஒவ்வோர் அரிசியையும் பார்க்கும். கறுத்தது, மஞ்சளடித்தது, சின்னக் கல்... கண்ணில் பட்டால் போதும். 'புஸ்' என்று காற்றை ஊதி அதை மட்டும் வெளியே தள்ளிவிடும். நாம் கண் சிமிட்டுவதற்குள் ஆயிரம் அரிசி பாஸாகிவிடும்.

இதை நடத்துவது ஒரே ஒரு புரோகிராம். ஆனால் அதற்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். கேமராவைப் பார்த்துக்கொள்ள ஒன்று, காற்று வால்வைத் திறந்து மூட ஒன்று, நடந்ததையெல்லாம் எழுதி வைக்க ஒன்று. இப்படி ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 'திரெட்' என்று பெயர். அவ்வளவுதான். இதற்கு மேல் பயமுறுத்த மாட்டேன்.

எழுதி வைக்கிற திரெட் என்னுடையது. கேமரா திரெட் தனத்துடையது.

தனலெட்சுமி. நாங்கள் தனம் என்போம். நாற்பத்தொரு வயது. பெஸ்தாரி ஜெயா பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டார். எங்கள் கம்பெனியிலேயே கீழ்த்தளத்தில், மெஷின் பூட்டுகிற லைனில், பத்து வருஷத்துக்கு மேல் நின்றவர். ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்துப் போய்ப் படித்தார். டிப்ளோமா வாங்கினார். நாலு வருஷத்துக்கு முன்னால் மாடிக்கு, அதாவது சாஃப்ட்வேர் டிபார்ட்மென்ட்டுக்கு, வந்து சேர்ந்தார்.

என்னை "அண்ணே" என்பார். எனக்கு அவர் "தனம்", ஆனால் வாங்க, போங்கதான்.

நாலு வருஷம் ஆன பிறகும் மாடியில் சிலர், "எந்தத் தனம்? அந்த லைன் ஆபரேட்டரா?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. ஓர் அடையாளத்துக்குத்தான். ஆனால் என்னை யாரும் அப்படி அடையாளம் சொன்னதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

சுங்கை புரோங்கில் ஒரு மில்லுக்கு எங்கள் புது மெஷினைக் கொடுத்திருந்தோம். அறுவடை தொடங்கிய மூன்றாம் நாள் அது பொத்தென்று நின்றுவிட்டது. புரோகிராம் விழுந்துவிட்டது. திரும்ப ஆன் செய்தால் ஓடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நிற்கிறது. அரிசி பிரிப்பதுதான் கடைசி வேலை என்பதால், அது நின்றால் பின்னால் உள்ள தொட்டியெல்லாம் நிரம்பி, முழு மில்லும் நிற்க வேண்டும். வெளியே நெல் லோரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேலே மழை மேகம்.

மில் சூப்பர்வைசர் ரஹ்மான், மரியாதையாகச் சொன்னால் என்சிக் ரஹ்மான், போன் மேல் போன். அவர் கத்துகிற ஆளில்லை. பொறுமையாக, மெதுவாக, திரும்பத் திரும்பக் கேட்பார். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

எங்கள் மேனேஜர் லியோங் என்னைக் கூப்பிட்டார்.

"எதனால விழுது? எனக்கு யூகம் வேணாம். ஆதாரம் வேணும்."

எனக்கு உள்ளுக்குள் குஷி. ஏனென்றால் என் கையில் ஒரு டூல் இருந்தது. நானே எழுதியது.

டீபக்கர் என்று ஒன்று உண்டு. ஓடுகிற புரோகிராமுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு புரோகிராம். அது விழுகிற அந்தக் கணத்தில் அப்படியே பிடித்து நிறுத்தி, "எந்த இடத்தில் இருந்தாய்? கையில் என்ன வைத்திருந்தாய்?" என்று விசாரிக்கும். அந்த டீபக்கருக்குள் நம் சொந்தக் 'கோடு', அதாவது நாமே எழுதிய புரோகிராம் வரிகளையும் செருகலாம். நான் செருகியிருந்தேன். மெஷின் எப்போது விழுந்தாலும், எந்தத் திரெட், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று என் டூல் தானாக ஓர் அறிக்கை எழுதி ரவாங்குக்கு அனுப்பிவிடும்.

அதோடு விட்டேனா? அந்த வரியைக் கடைசியாக எழுதியது யார் என்று தேடி, அவர் பெயரையும் அறிக்கையின் தலையில் பெரிதாகப் போடும்படி செய்தேன்.

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது.

ரஹ்மானின் மெஷினில் டூலை ஏற்றினேன். இரண்டு நாளில் பதினேழு தடவை விழுந்தது. பதினேழு அறிக்கை வந்தது. எல்லாவற்றிலும் ஒரே பதில். கேமரா திரெட். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. தனலெட்சுமி.

மீட்டிங்கில் கட்டை எல்லாருக்கும் கொடுத்தேன். தனம் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். வேகமாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"அண்ணே, இது அடுத்த படம் வர்ற வரைக்கும் சும்மா காத்திருக்கிற வரி. இந்த எடத்துல விழறதுக்கு ஒன்னுமே இல்லையே? உங்க டூலு சரியாத்தான் பாக்குதா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'செக் பண்றேன் தனம்' என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை.

நான் சொன்னது: "ஒரு தடவைன்னா சந்தேகப்படலாம் தனம். பதினேழு தடவையும் அங்கயேதானே நிக்குது?"

எதிரே உட்கார்ந்திருந்த கெவின் — எங்கள் டீமிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் — "பதினேழு லா!" என்று விசில் அடிக்காத குறை.

லியோங் பேப்பரைக் கவிழ்த்து வைத்தார். "கெவின், நீ கேமரா கோடை எடுத்துக்கோ. தனம், இது முடியிற வரைக்கும் கீழ டெஸ்டிங்ல உதவி பண்ணுங்க."

கீழே. அதே லைனுக்குப் பக்கத்தில்.

தனம் ஆபீஸ் ஏர்கோன் குளிருக்குப் போடுகிற சுவெட்டரையும் தண்ணீர் போத்தலையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு குரல், "ஆதாரம் இருக்கு, நீ என்ன செய்வே?" என்றது. அந்தக் குரலை நான் ரொம்ப நம்பினேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள்... பதினேழு பக்கம் ஆயிற்றே?

மூன்று நாள் போயிற்று. கெவின் அந்த இடத்தைப் பிரித்து, தன் பாணியில் புதிதாக எழுதி அனுப்பினான். மில்லில் ஏற்றினோம்.

ஒரு மணி நேரம் ஓடியது. விழுந்தது.

அறிக்கை வந்தது. கேமரா திரெட். காத்திருக்கிற வரி. இந்தத் தடவை தலையில் இருந்த பெயர் — கெவின்.

கெவின் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான். "இது நடக்கவே நடக்காது. உன் டூல்தான் தப்பு."

லியோங் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "கெவின் சொல்றதுல பாயின்ட் இருக்கு. நாளைக்கு நேரா மில்லுக்குப் போய் உன் டூலைச் செக் பண்ணு."

இதே கேள்வியைத்தான் தனமும் கேட்டார், மூன்று நாள் முன்னால், இதே ஆட்களிடம். அது எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் நின்றபோதுதான் உறைத்தது. பச்சை விழுந்தும் கிளம்பாமல் நின்றேன். பின்னால் லோரிக்காரர் ஹாரன் அடித்தார்.

மறுநாள் காலை லியோங்கிடம், "தனத்தையும் கூட்டிப் போகிறேன்" என்றேன். பரிகாரம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். மெஷினில் கேமரா இருக்கிற கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூட மாடியில் இருக்கிற எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் கையால் எத்தனை மெஷின் பூட்டியவர்!

காரில் கிளம்பினோம். கோலசிலாங்கூர் வரை இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். தனம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். தஞ்சோங் காராங் தாண்டியதும் ரோட்டோரம் பீசாங் கோரெங், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், வாங்கினோம். அவர் ஒன்றுதான் சாப்பிட்டார்.

மில்லில் எங்கே பார்த்தாலும் தவிட்டுத் தூசி. பக்கத்தில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். என்சிக் ரஹ்மான் பால் சேர்க்காத தே-ஓ வாங்கிக் கொடுத்துவிட்டு, மெஷின் வெளியே தள்ளிய அரிசியை ஒரு கை அள்ளிக் காட்டினார். பாதிக்குப் பாதி கறுப்பு.

"இந்தப் பருவம் முழுக்க மழை," என்றார் மலாயில். "கெட்டது அதிகம். உங்க மெஷினுக்கு வேலையும் அதிகம்."

தனம் பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தார். கேமராவை அசைத்துப் பார்த்தார். ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கெவினுடைய கோடால் எந்தப் பிரயோஜனமும் இல்லாததால், தனத்தின் பழைய கோடையே திரும்ப ஏற்றினோம். நான் லேப்டாப்பை ஒரு அரிசிக் கோணி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒன்னு கேக்கவா? கோவப்படக் கூடாது."

"கேளுங்க."

"நீங்களே ஒரு தப்பு பண்ணுங்களேன்."

"என்னா?"

"உங்க சொந்தக் கோட்ல, அந்த எழுதி வைக்கிற எடத்துல. வேணும்னே விழ வைங்க. உங்க டூலு யாரு பேரைச் சொல்லுதுன்னு பாப்போம்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கோபம் இல்லை. இவ்வளவு சின்ன விஷயம்... இதை நான் செய்து பார்த்ததே இல்லை. டூலை எழுதிய அன்று கேமரா திரெட்டை வைத்துத்தான் சோதித்தேன். சரியாகச் சொன்னது. கை தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் கோடில் ஒரு தப்பு வரியைச் செருகினேன். சின்னப் பிள்ளைகூட 'இது விழும்' என்று சொல்லிவிடும், அப்படிப்பட்ட வரி. ரஹ்மானிடம் சொல்லிவிட்டு மெஷினை ஓட விட்டேன். இரண்டே நிமிஷம். விழுந்தது.

அறிக்கை திரையில் வந்தது.

தனம் குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

"கேமரா திரெட். இருநூத்திப் பன்னெண்டாவது வரி. தனலெட்சுமி."

நிமிர்ந்தார்.

"நீங்க பண்ண தப்புக்கும் நான்தான்."

சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, லோரிகள் நிற்கிற பக்கம் நடந்து போய்விட்டார். நான் அந்தக் கோணிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். போய்ப் பேசலாமா? என்ன பேசுவது? அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன் — என் கோடைத் திறந்தேன்.

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

கிள்ளான் வாசகி அம்மா, இங்கேதான் கொஞ்சம் கம்ப்யூட்டர். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

டீபக்கர் ஒவ்வொரு தடவை புரோகிராமைப் பிடித்து நிறுத்தும்போதும், நாம் செருகிய கோடைக் கூப்பிட்டு அதன் கையில் ஒரு பொருளைக் கொடுக்கும். 'எக்ஸிக்யூஷன் கான்டெக்ஸ்ட்' என்பார்கள். இப்போது நின்றது எந்தப் புரோகிராம், அதில் எந்தத் திரெட், அந்தத் திரெட் எந்த வேலையின் நடுவில் இருந்தது — இவ்வளவும் அதற்குள் இருக்கும். அந்தத் தடவைக்கு மட்டும் செல்லும். அடுத்த தடவை நிற்கும்போது புதிதாக ஒன்று வரும்.

கேட்க வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை. கையிலேயே கொடுக்கிறது.

நான் அதை வாங்கினேன். பிரித்தே பார்க்கவில்லை.

ஏன்? முதல் நாள் சோதனைக்காக, மெஷின் ஆன் ஆனதும் கேமரா திரெட்டைத் தேடிப் பிடித்துத் தனியாக எடுத்து வைக்கும்படி எழுதியிருந்தேன். வேலை செய்தது. அப்புறம் அதை எடுக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூட முழு உண்மையில்லை. 'ஒரு தடவை எடுத்தாச்சு, தடவைக்குத் தடவை எதுக்குப் புதுசா?' என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிக்கனம்!

ஆக, மெஷினில் யார் விழுந்தாலும் என் டூல் நேராகக் கேமரா திரெட்டிடம் போய், "நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டது. அது பாவம், உள்ளதைச் சொன்னது: "இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில். அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறேன்." எப்போது கேட்டாலும் அது அங்கேதான் இருக்கும். அதன் வேலையே அதுதான்!

பதினேழு தடவையும் ஒரே பதில் வந்ததை நான் பலமான ஆதாரம் என்று நினைத்தேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

சேமித்து வைத்த திரெட்டைத் தூக்கிப் போட்டேன். டீபக்கர் கையில் கொடுப்பதை வாங்கி, நின்றது யார் என்று அதனிடமே கேட்கும்படி மாற்றினேன். சில நேரம் அந்தப் பொருளில் திரெட் இல்லாமலும் இருக்கலாம். அப்போது யூகிக்காமல் 'தெரியவில்லை' என்று எழுது என்று ஒரு வரி சேர்த்தேன். அதுவரை என் டூலுக்கு அந்த வார்த்தையே தெரியாது.

மறுபடி ஓடவிட்டேன். நான் செருகிய தப்பில் விழுந்தது. அறிக்கையின் தலையில் என் பெயர்.

அதைப் பார்த்து யாராவது நிம்மதிப்படுவார்களா? நான் பட்டேன்.

வெளியே போய்த் தனத்தைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார். "சரி, இப்ப உங்க தப்பை எடுத்துட்டு, நெசமா விழட்டும். பாப்போம்" என்றார்.

ஒரு மெஷின் எப்போது விழும் என்று இரண்டு பேர் ஆவலோடு காத்திருந்ததை என்சிக் ரஹ்மான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாற்பது நிமிஷம் கழித்து விழுந்தது.

வால்வு திரெட்.

காற்றடித்துத் தள்ள வேண்டிய அரிசிகளின் இடத்தைக் குறித்துக்கொள்ள அங்கே ஒரு பட்டியல். அறுபத்து நாலு அரிசிக்குத்தான் இடம். ஒரே நேரத்தில் அறுபத்தைந்தாவது கெட்ட அரிசி வந்தால் அதை எங்கே எழுதுவது என்று யாரும் யோசிக்கவில்லை. ரவாங்கில் நாங்கள் சோதித்தது கடையில் வாங்கிய சுத்தமான அரிசியை வைத்து. அதில் கெட்டதே பத்துக்கு மேல் வராது.

"அவரு காலையிலயே கையில அள்ளிக் காட்டுனாரே அண்ணே," என்றார் தனம்.

யார் எழுதியது என்று பார்த்தோம். நானும் பார்த்தேன், மறைக்கவில்லை. எப்போதோ கம்பெனியை விட்டுப் போய்விட்ட ஒருவர். இப்போது எங்கே இருக்கிறாரோ... நல்ல மனுஷர், முறுக்கு கொண்டு வருவார். அவர்மேல் கோபப்பட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆள் எதிரில் இல்லாதபோது தப்பு வெறும் தப்பாக மட்டும் தெரிகிறது.

பட்டியலைப் பெரிதாக்கினோம். நிரம்பினால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதினோம். எழுதியது தனம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்புறம் மெஷின் நிற்கவே இல்லை. மூன்றரை மணிக்கு ரஹ்மான் வந்து, "இன்னும் ஓடுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த லோரியை உள்ளே விடச் சொன்னார்.

திரும்பி வரும்போது தனம்தான் முதலில் பேசினார்.

"கீழ போன அன்னைக்கு, லைன்ல பழைய ஆளுங்க எல்லாம் 'வந்துட்டியா தனம்'னு கேட்டாங்க அண்ணே. அன்பாத்தான் கேட்டாங்க. எனக்கு ஒக்கார எடம்லாம் ஒதுக்கிக் குடுத்தாங்க. அதான் ரொம்ப வலிச்சுச்சு."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"அதவிட இன்னொன்னு. மூணு நாளும் மத்தியான ரெஸ்ட்ல அந்த ஒரு வரியையே பாத்துட்டு இருந்தேன். கடைசில, ஆமா, நான்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன், எனக்குத்தான் தெரியலன்னு முடிவே பண்ணிட்டேன். என்ன தப்புன்னு தெரியாமயே ஒத்துக்கிட்டேன்."

"மன்னிச்சிருங்க தனம்."

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படிண்ணே? பதினேழு பக்கம் எல்லாரு மேசையிலயும் இருந்துச்சு."

நியாயம்தானே?

மறுநாள் காலை லியோங்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு மெஷின் ஓடுகிற சந்தோஷம். "நல்லது, சரியாயிடுச்சு. விடு, மேல பார்ப்போம். இதுக்கெல்லாம் தனியா மீட்டிங் எதுக்கு?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அது ரொம்ப வசதியாகத்தான் இருந்தது. மேலதிகாரியே 'விடு' என்கிறார். விட்டுவிட்டு ஒரு நாசி லெமாக் சாப்பிடப் போயிருக்கலாம்.

"இல்லை பாஸ். அஞ்சு நிமிஷம் போதும்," என்றேன்.

கீழேயிருந்து தனத்தையும் வரச் சொன்னேன். ஒரே ஒரு பக்கம் அச்சடித்து எல்லாரிடமும் கொடுத்தேன். தப்பு எங்கே நடந்தது, என் டூல் யாரிடம் போய்க் கேட்டது, யாரிடம் கேட்டிருக்க வேண்டும். கடைசி வரி: 'முந்தைய பதினேழு அறிக்கைகளும் செல்லாது. தனலெட்சுமியின் கோடில் எந்தத் தப்பும் இல்லை.'

எழுதும்போது சுலபமாக இருந்தது. நின்று வாசிக்கும்போது கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படி ஒரு வரியை எழுந்து நின்று வாசித்ததே இல்லை.

கெவின் கையைத் தூக்கினான். "நான்தான் சொன்னேனே, டூல் தப்புன்னு?"

"உனக்கு முன்னாடி தனம் சொன்னாங்க கெவின். இதே ரூம்ல. அன்னைக்கு நாம ஒருத்தரும் காதுல வாங்கல."

அவன் கையை இறக்கினான். பிறகு தனத்தின் பக்கம் திரும்பி, "சாரி தனம்" என்றான். சத்தமாக இல்லை, ஆனால் சொன்னான். லியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார்.

"தனம், நீங்க இன்னைக்கே மேல வந்துருங்க."

"கீழ ஒரு டெஸ்ட் பாதியில இருக்கு பாஸ். வெள்ளிக்கிழமை முடிச்சிட்டு வர்றேன்," என்றார் தனம். "வந்ததும் வால்வு கோடையும் நானே பாக்குறேன். அப்புறம்..." என்று என் பக்கம் திரும்பினார். "அண்ணனோட டூலையும் நான் ஒரு தடவை பாக்கணும். அதுல யாரு பேரும் வரக் கூடாது."

லியோங் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பெயர் போடுகிற பகுதியை அன்றைக்கே அழித்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. அழிக்க இரண்டு விநாடிதான் ஆயிற்று. இப்போது என் டூல் சொல்வதெல்லாம் எந்தத் திரெட், எந்த வரி, அதை எப்படித் தெரிந்துகொண்டது... அவ்வளவுதான். மெஷினைச் சரி செய்ய அது போதுமானதாக இருக்கிறது. பெயர் எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். மெஷினுக்குத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

நாம் எல்லாரும் கொஞ்சம் இப்படித்தான், இல்லையா? வீட்டில், ஆபீஸில், கோயில் கமிட்டியில், ஒரு தடவை ஒருத்தரைப் பிடித்து மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்கிறோம். அடுத்த தடவை என்ன உடைந்தாலும், என்ன காணாமல் போனாலும், நேராக அவரிடமே போய்க் கேட்கிறோம். அவரும் எங்கேயோ நின்று எதையோ செய்துகொண்டுதான் இருப்பார். அது போதும் நமக்கு. நடந்தபோது அங்கே யார் இருந்தார்கள் என்று புதிதாகக் கேட்க அலுப்பு.

தனம் சொன்னபடி வெள்ளிக்கிழமை சாயந்திரம் சுவெட்டரோடு மாடிக்கு வந்தார். திங்கட்கிழமை என் டூலைத் திறந்தார். மத்தியானத்துக்குள் இரண்டு தப்பு கண்டுபிடித்து, ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

பெயர் எதுவும் போடவில்லை... நாகரிகமான பெண்!